பார்க்கின்சன் இருக்கவங்க எக்சர்சைஸ் பண்றது எப்படி? மூச்சு வாங்கணும், அதான் விஷயம்

பார்க்கின்சன்னு டாக்டர் சொன்ன உடனே வீட்ல எல்லாரும் முதல்ல பண்றது அவங்கள உட்கார வெக்கிறதுதான், நீங்க எழுந்திரிக்காதீங்க நாங்க எடுத்துத் தர்றோம்னு. பாசம்தான், ஆனா இந்த வியாதிக்கு அது ஒத்தே வராது.

இந்த வியாதில, அசைவுக்குத் தேவையான டோபமைன்ங்கிற ரசாயனத்தத் தயாரிக்கிற மூளை செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா சாகுது. அதனால முதல்ல அடி வாங்குறது, அசைவுக்கு உதவுற புட்டாமென்ங்கிற மூளைப்பகுதியோட பின்பக்கம். நெதர்லாந்துல 130 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதிப்பேருக்கு வீட்லயே ஓட்டுற சைக்கிள், மீதிப்பேருக்கு வெறும் ஸ்ட்ரெச்சிங், 6 மாசம். முடிவு 2019ல வந்துச்சு, சைக்கிள் ஓட்டுனவங்களுக்கு நடை, நடுக்கம், இறுக்கம் எல்லாம் சேர்த்துப் போடுற ஸ்கோர் அவ்வளவா மோசமாகல. அதுல ஒரு பகுதிப்பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தா, அவ்வளவா கெடாத முன்பக்க புட்டாமென் அசைவைக் கவனிக்கிற மூளைப்பகுதியோட கூடுதலா கனெக்ட் ஆகியிருக்கு, மூளை சுருங்குறதும் ஸ்ட்ரெச்சிங் க்ரூப்ப விட கம்மி. இதனால வியாதி நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மாத்திரைய நிறுத்திடலாம்னு சத்தியமா அர்த்தம் இல்ல.

சரி, எப்படிப் பண்றது? முதல்ல இதயம், பிபி செக் பண்ணி டாக்டர் ஓகே சொல்லணும். அப்புறம் நேரம், மாத்திரை நல்லா வேலை செய்யுற நேரமா பாத்து வெச்சுக்கோங்க, மாத்திரையோட வேகம் குறைஞ்ச நேரத்துல ஆரம்பிச்சா காலே ஒத்துழைக்காது. ஆரம்பிக்க ஒரே இடத்துல நிக்கிற எக்சர்சைஸ் சைக்கிள்தான் என் சாய்ஸ், விழற பயம் கம்மி.

எவ்வளவு வேகம்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. அமெரிக்காவுல 2018ல வந்த ட்ரெட்மில் ஆய்வுல, இன்னும் மாத்திரையே ஆரம்பிக்காதவங்கள வாரம் 4 நாள் நடக்க வெச்சாங்க, அதிகபட்ச இதயத்துடிப்புல 80லருந்து 85 சதவீதம் போனவங்களுக்கு 6 மாசத்துல ஸ்கோர் கிட்டத்தட்ட அப்படியே நின்னுச்சு, எக்சர்சைஸ் சேக்காதவங்களுக்கு 3 பாயிண்ட் கிட்ட மோசமாச்சு. 220லருந்து வயச கழிச்சா அதிகபட்சம் தோராயமா கிடைக்கும், 60 வயசுன்னா 160, அதுல 80 சதவீதம் 128. முதல் நாளே அங்க போகாதீங்க, வாரக்கணக்குல ஏத்துங்க. பீட்டா ப்ளாக்கர் (இதயத்துடிப்பக் குறைக்கிற மாத்திரை) சாப்பிடுறவங்களுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும், சிலருக்கு வியாதியே துடிப்ப ஏற விடாது, அப்போ பேச்சுதான் அளவு: ரெண்டு மூணு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கணும், கதை பேசிட்டே ஓட்ட முடிஞ்சா அது பத்தாது. வாரத்துக்கு 3 நாள், தடவைக்கு 30 நிமிஷம், முன்னாடியும் பின்னாடியும் 5 நிமிஷம் மெதுவா.

வெயிட் தூக்குறது வாரம் 2 நாள், பேலன்ஸுக்கு தாய் சி (மெதுவா அசைஞ்சு பண்ற சீனப் பயிற்சி) மாதிரி ஏதாவது ஒண்ணு.

இந்த வியாதி இருக்கவங்கள்ல சிலருக்கு நடக்கும்போது வாசப்படிகிட்ட வந்ததும் கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும், உடம்பு மட்டும் முன்னாடி சாயும். தயவுசெஞ்சு கையப் புடிச்சு இழுக்காதீங்க, அப்படியே முகம் குப்புற விழுவாங்க. நிக்கட்டும், இடது வலதுன்னு எடைய மாத்தட்டும், அப்புறம் "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணி ஒரு பெரிய அடி. அந்த இடத்துல தரையில கலர் டேப் குறுக்கால ஒட்டி வெச்சா அதத் தாண்டுற சாக்குல கால் தூக்கிடும், ஆச்சரியமா இருக்கும். அந்த நேரத்துல கேள்வி கேக்காதீங்க, போன் நீட்டாதீங்க.

சைக்கிள்லருந்து இறங்குறப்ப பட்டுனு எழுந்தா பிபி இறங்கி தலை சுத்தும், ஒரு நிமிஷம் சீட்லயே உட்காந்துட்டு இறங்கட்டும். நெஞ்சு வலி, மயக்கம் வந்தா அன்னிக்கு அதோட நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.