மஞ்சள் தோட்டத்துப் பாக்டீரியாவின் வாசச் சேர்மங்களைக் கண்டறியும் முறை

ஈரோடு, பவானி வட்டாரத்து மஞ்சள் தோட்டங்களில் கிழங்கழுகலைக் கட்டுப்படுத்த உதவும் பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள், எளிதில் ஆவியாகும் சேர்மங்களையும் வெளியிடுகின்றன. அவை எவையென்று, சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராபியுடன் இணைந்த, அவற்றை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியால் அறியலாம்.

மண்ணை நேரடியாகக் குப்பியில் இடக்கூடாது. அதில் கலந்திருக்கும் கிழங்குத் துணுக்குகளின் டர்மரோன் என்னும் மஞ்சள் எண்ணெய்ச் சேர்மம், 119, 83 ஆகிய நிறை எண்களோடு நிறமாலையில் தோன்றி, பாக்டீரியாவின் சேர்மம் போலவே மயக்கும். எனவே முதலில் பாக்டீரியாவைத் தனிக் காலனியாகப் பிரித்துத் தூய்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

20 மி.லி. கண்ணாடிக் குப்பியில் 5 மி.லி. ஊட்ட அகரை (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) சாய்வாக உறையவிட்டு, பாக்டீரியாவைக் கோடிட்டுப் பஞ்சால் அடைத்து, 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் ஓரிரு நாள் வளர்க்கவும். பிறகு பஞ்சை நீக்கி, டெஃப்லான் பூசிய சிலிக்கோன் செப்டம் (ஊசி துளைக்கக்கூடிய வட்டத் தகடு) கொண்ட மூடியால் இறுக மூடிச் சில மணி நேரம் வைத்தால், அகருக்கு மேலுள்ள காற்றில் சேர்மங்கள் சேரும்.

இந்தச் சோதனை முழுவதும் பாக்டீரியா இடாத வெற்றுக் குப்பிகளையே நம்பி நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வெப்பத்தில் ஊடகத்திலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பைரசின்கள் என்னும் வறுத்த மணமுள்ள சேர்மங்களைத் தருகின்றன. பேசில்லஸும் அவற்றில் ஒன்றான 2,5-டைமெத்தில்பைரசினை உண்டாக்கக்கூடியது. அதே நாளில், அதே கொப்பரையில் காய்ச்சிய ஊடகத்தை நிரப்பி, அதே அடைகாப்பானில் வைத்து, அதே நேரம் மூடிய வெற்றுக் குப்பிகள் குறைந்தபட்சம் மூன்று இல்லாவிட்டால், இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது. அறையில் பயன்படுத்தும் கிருமிநாசினியும் வாசனைத் திரவியமும்கூட இந்தக் குப்பிகளில் தெரிந்துவிடும் என்பதால், அவற்றை அன்று தவிர்ப்பது நல்லது.

டைவினைல்பென்சீன், கார்பாக்சன், பிடிஎம்எஸ் மூன்றும் பூசிய எஸ்பிஎம்இ நாரை (ஊசிக்குள் இருக்கும், காற்றிலுள்ள சேர்மங்களை ஈர்த்துக்கொள்ளும் மெல்லிய இழை), 270 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டுத் தூய்மைப்படுத்தவும். குப்பியை 40 டிகிரியில் வைத்து, ஊசியால் செப்டத்தைத் துளைத்த பின்பே நாரை வெளியே நீட்டி, 30 நிமிடம் காற்றில் மட்டும் நிற்கவிட்டு, உள்ளே இழுத்த பின்பே ஊசியை எடுக்க வேண்டும்; நார் அகரைத் தொட்டால் பூச்சு கெடும். உடனே 250 டிகிரியில் உள்ள கருவியின் உட்செலுத்தியில், ஆவியைப் பங்கிட்டு வெளியேற்றாமல் முழுவதும் உள்ளே அனுப்பும் பிரிக்காத முறையில் இரண்டு மூன்று நிமிடம் விடவும்.

5 சதவீத ஃபீனைல் கொண்ட 30 மீட்டர் பத்தி (சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட மெல்லிய குழாய்), நிமிடத்துக்கு 1 மி.லி. ஹீலியம், 40 டிகிரியில் 3 நிமிடம் நிறுத்தி நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 250 வரை ஏற்றுவது என்பது நல்ல தொடக்கம். அயனாக்கம் 70 எலக்ட்ரான் வோல்ட். நிறை எண்களை 35 முதல் 350 வரை பதிவு செய்தால், காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன் குறிகள் ஒதுங்கிவிடும்.

207, 281 எண்கள் மேலோங்கிய சிகரங்கள் பெரும்பாலும் பத்தி, நார் அல்லது செப்டத்தின் சிலாக்சன்களே (சிலிக்கோன் பொருள் சிதைந்து வருபவை), அவற்றைக் கழித்துவிடவும். 45, 43, 88 சேர்ந்து வந்தால் அசிட்டாயின் எனவும், 94, 79 எனில் டைமெத்தில் டைசல்பைடு எனவும் கருதலாம். நூலக ஒப்பீடு சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல், நேர்க்கோட்டு அல்கேன் வரிசையை ஓட்டித் தக்கவைப்புக் குறியீட்டை (சேர்மம் பத்தியிலிருந்து வெளிவரும் நேரத்தை அல்கேன்களோடு ஒப்பிட்டுத் தரும் எண்) கணக்கிட்டு, முடிந்தால் தூய சேர்மத்தையும் அதே நிலையில் ஓட்டி உறுதிசெய்யவும். வெற்றுக் குப்பிகளில் இல்லாத, அல்லது அவற்றைவிடத் தெளிவாக மிகுந்த பரப்புடைய சிகரங்களை மட்டும் பாக்டீரியாவின் கணக்கில் எழுதி, சோதித்த குப்பிகளை ஆட்டோகிளேவ் செய்த பின்பே அப்புறப்படுத்தவும்.