பச்சிளம் குழந்தையின் பித்தநாளத்தை ஸ்கேனில் தேடுவது

நீலகிரியில் மழை மாதங்களில் மஞ்சள் காமாலை வரும் பச்சிளம் குழந்தைகள் ஸ்கேனுக்குத் தாமதமாகத்தான் வருகிறார்கள். வெயில் வந்ததும் குழந்தையை அதில் காட்டலாம் என்று வீட்டில் காத்திருப்பார்கள். கூடலூரில் அப்போது வெயில் ஏது? இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், முக்கியமாக மலம் வெளுத்திருந்தால், ரத்தத்தில் நேரடி பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்திய மஞ்சள் நிறமி) பாருங்கள். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அன்றே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். நாம் தேடுவது பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தநாளம் அடைபட்டுப் பித்தம் குடலுக்கு இறங்காத நோய்.

நான் மிகவும் கவனிப்பது பட்டினியைத்தான். ஸ்கேனுக்கு முன் 4 மணி நேரம் பால் கூடாது. ஆனால் ஊட்டிக்கு வரும் பஸ்ஸிலேயே அம்மா பால் கொடுத்திருப்பார். பால் குடித்ததும் பித்தப்பை சுருங்கிவிடும். இல்லாத நோயை எழுதிவிடுவோம். அதனால் "கடைசியாக எப்போம்மா பால் கொடுத்தீங்க?" என்று கேட்டு, அங்கிருந்து கணக்கு போடுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் நீட்டவும் வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும். ஹீட்டர் போட்டு, ஜெல்லையும் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிரில் அழும் குழந்தையிடம் எதையும் அளக்க முடியாது.

அதிக அதிர்வெண் லீனியர் புரோப் எடுங்கள். பித்தப்பையின் நீளம் 1.5 சென்டிமீட்டருக்கும் குறைவா, சுவர் கரடுமுரடாக இருக்கிறதா? அப்புறம் படத்தைப் பெரிதாக்கி, வலது போர்ட்டல் சிரையின் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையின் வலது கிளை) முன்சுவரில் நில்லுங்கள். அங்கே 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிமனான வெள்ளைப் பட்டை தெரிந்தால் பிலியரி அட்ரீசியா என்ற சந்தேகம் வலுக்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் கல்லீரல் தமனி தடித்து, ரத்த ஓட்டம் கல்லீரலின் உறை வரை போகிறதா என்றும் பாருங்கள். இந்த நோயுள்ள சில குழந்தைகளுக்கு மண்ணீரல் பலவாக இருக்கலாம். பித்தநாளம் பலூன் போல வீங்கியிருந்தால் அது நீர்க்கட்டி, வேறு வழக்கு.

பித்தப்பை நன்றாகத் தெரிகிறது என்பதற்காக "நோய் இல்லை" என்று எழுதாதீர்கள். பித்தப்பை சரியாக இருந்தும் இந்த நோய் வருகிறது.

கதிரியக்க மருந்து செலுத்தி, அது பித்தத்தோடு குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் ஹைடா ஸ்கேனுக்குக் கோவை போக வேண்டும். மருந்து குடலுக்கு இறங்கினால் அடைப்பு இல்லை. 24 மணி நேரத்திலும் இறங்காவிட்டால் அது அடைப்பாகவும் இருக்கலாம், கல்லீரல் அழற்சியாகவும் இருக்கலாம். இந்த ஸ்கேனுக்கு முன் 5 நாள், பித்த ஓட்டத்தைத் தூண்டும் பினோபார்பிட்டோன் கொடுப்பது வழக்கம். 50 நாள் தாண்டிய குழந்தைக்கு அந்த 5 நாளைச் செலவழிக்க எனக்கு மனம் வராது. ஜப்பானியரான மோரியோ கசாய் வகுத்த, குடலைக் கல்லீரலோடு நேரடியாக இணைக்கும் அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பித்தம் ஓடும் வாய்ப்பு அதிகம். முடிவான விடையும் அந்த அறுவை மேஜையில், பித்தப் பாதையில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயான கோலாஞ்சியோகிராமில்தான் கிடைக்கும்.

ரிப்போர்ட்டில் வயதை நாள் கணக்கில் எழுதுங்கள். குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் நீங்களே போனில் பேசிவிட்டு, அப்புறம் மலையிலிருந்து கீழே அனுப்புங்கள்.