பாலைக்குத் தண்ணீரும் கட்டுச்சோறும்

முதுகுப்பையைக் கடைசியாக வாங்குங்கள். நெடுநடைக்குத் தயாராகும் பலர் முதலில் வாங்குவது அதைத்தான். வாங்கியபின், இடம் இருக்கிறதே என்று அதை நிரப்பத் தொடங்குகிறார்கள். பாலைநிலத்தில் பை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. அந்தக் கணக்கை யாராலும் குறைக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் குறைக்கலாம்.

நான் பேசுவது அமெரிக்காவின் மேற்கில் உள்ள நெடுநடைப் பாதையான பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலின் தென்பகுதியைப் பற்றி. மெக்சிகோ எல்லையை ஒட்டிய கேம்போவில் தொடங்கி கென்னடி மெடோஸ் வரை சுமார் 1,130 கி.மீ. நீளும் கலிபோர்னியப் பாலைப் பகுதி அது. சான் டியேகோவில் எங்கள் வீடு. ஏப்ரல் மாதத்தில், மறுநாள் நடையைத் தொடங்கவிருக்கும் பிள்ளைகள் சிலர் எங்களோடு தங்குவார்கள். இரவு உணவுக்குப்பின் கூடத்தில் அவர்கள் பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொருளாகத் தராசில் வைத்துப் பார்ப்போம். நானும் அந்தப் பாதையில் நடந்தவள். அதனால், கூடாது என்று நான் ஒதுக்கி வைப்பதை அவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கேம்போவிலிருந்து மொரேனா ஏரி 32 கி.மீ. இடையில் உள்ள ஹவுசர் ஓடை பல ஆண்டுகளில் வறண்டே கிடக்கும். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஏற்றம் வந்தால் ஒரு லிட்டர் வரை உடம்பு கேட்கும். முதல்முறை நடப்பவர் ஆறு லிட்டர் எடுத்துச் செல்லட்டும். அதோடு மூன்று, நான்கு நாள் உணவும் சேரும்போது, தண்ணீரும் உணவும் நீங்கலான பொருள்கள் ஆறு கிலோவுக்குள் அடங்கினால்தான் தோள் தாங்கும். இந்தக் கணக்கைப் போட்டபிறகு, 15 கிலோவை இடுப்பில் ஏற்றித் தாங்கும் 50 அல்லது 55 லிட்டர் பையைத் தேடுங்கள்.

பாதையில் பின்னால் வரும் சிசர்ஸ் கிராசிங்கிலிருந்து பேரல் ஸ்பிரிங் வரை சுமார் 38 கி.மீ. தூரம். நம்பத்தக்க இயற்கை ஊற்று ஒன்றுகூட இல்லாத சான் ஃபெலிப்பே குன்றுகள் அங்கே இருக்கின்றன. நடுவில் தன்னார்வலர்கள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது வழக்கம். அத்தகைய இடங்களுக்கு நானும் குடங்களைச் சுமந்து போயிருக்கிறேன். அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்: அந்தத் தண்ணீரை நம்பித் திட்டமிடாதீர்கள். கூட்டம் அதிகமான வாரத்தில் அது எப்போது தீரும் என்று வைத்தவர்களுக்கே தெரியாது. ஃபார்அவுட் செயலியில், முன்னால் போனவர்கள் ஒவ்வொரு நீர்நிலை பற்றியும் தேதியோடு எழுதிவைக்கும் குறிப்புகளைப் படித்துவிட்டு, அடுத்த நிச்சயமான நீர்நிலை வரைக்குமான அளவை நிரப்புங்கள். நிரப்பும் இடத்திலேயே வயிறாரக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடையில் தண்ணீரோடு விற்கும் மெல்லிய ஒரு லிட்டர் பாட்டில்களே போதும். சாயர் ஸ்குவீஸ் வடிகட்டி பலவற்றின் வாயில் நேராகத் திருகிக்கொள்ளும். வாங்கும்போதே திருகிப் பார்த்துவிடுங்கள். குழாய் வைத்து உறிஞ்சும் பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பாலையில் அது தெரிந்தே ஆக வேண்டும். வடிகட்டியை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் நுண்ணிழைகள் பழுதாகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

பாலையில் உறைபனியா என்று கேட்பார்கள். லகுனா மலை சுமார் 1,800 மீட்டர் உயரம். கேம்போவிலிருந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அங்கே போய்ச் சேர்வீர்கள். ஏப்ரலில் பனி பெய்வதுண்டு. சான் ஹசிந்தோ மலையில் இன்னும் அதிகம். மைனஸ் ஆறு டிகிரிக்கு ஏற்ற தூக்கப்பையும் இறகு நிரப்பிய மேலாடையும் அவசியம். இந்த இரண்டில் எடையைக் குறைக்க முயலாதீர்கள். இரவில் குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும் என்பதால், ஓடைக்கரையை விட்டுச் சற்று மேட்டில் கூடாரம் போடுங்கள். கீழே விரிக்க மடிப்பு நுரைப்பாய் நல்லது. இங்கே வளரும் சோயா (cholla) என்ற கள்ளியின் முள் குத்தினாலும் காற்று இறங்காது. கள்ளி முள்ளை எடுக்க ஒரு சீப்பு வேண்டும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறிவிடும்.

காலணி வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். நாள் முழுதும் நடந்தால் கால் வீங்கும். நீர்புகாத கனத்த பூட்ஸ் இங்கே வேண்டாம். உள்ளே வியர்வை தங்கிக் கொப்புளம் வரும். வலைத்துணியாலான மெல்லிய ஓட்டக் காலணியும், மணல் புகாமல் கணுக்காலில் கட்டும் துணியும் போதும். உடம்புக்கு முழுக்கைச் சட்டை, வெளிர் நிறத்தில், தொப்பியோடு தைத்தது. வெள்ளிப்பூச்சுக் குடையைச் சிலர் வேண்டாத சுமை என்பார்கள். நிழலே இல்லாத நண்பகலில் அதன் கீழ் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பலத்த காற்று வீசும் சான் கோர்கோனியோ கணவாயில் மட்டும் அதை மடக்கி வையுங்கள்.

இனி உணவு. நம்மவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் இருக்கிறது. தண்ணீர் குறைவான இடத்தில் வேகவைக்காமலே ஊறும் உணவுதான் அரசன், நம்மிடம் அவல் இருக்கிறது. மெல்லிய அவல் குளிர்ந்த நீரில் பத்து நிமிடத்தில் மென்மையாகிவிடும். வடிக்கும் தண்ணீரும் இல்லை. ஊற்றியதெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. அதில் புளிக்காய்ச்சலைக் கலந்து பிசைந்தால், நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகும். நன்றாகச் சுண்டக் காய்ச்சியது பல நாள் கெடாமல் இருக்கும். பருப்புப்பொடியும் நெய்யும் இன்னொரு நாளைக்கு. பொரித்த மோர்மிளகாய் சிலவற்றைச் சின்ன டப்பாவில் வையுங்கள். மாலையில் எதுவும் இறங்காத நேரத்தில் அது நாக்கைத் திறந்துவிடும்.

ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் உணவு என்று வைத்து, அதே எடையில் அதிகச் சக்தி தருவதைத் தேர்ந்தெடுங்கள். கொழுப்பில் கிராமுக்கு ஒன்பது கலோரி, மாவுச்சத்தில் நான்கு. நிலக்கடலை, முந்திரி, எள்ளுருண்டை, கடலைமிட்டாய் எல்லாம் இங்கே பொன். சாக்லெட் பகலில் உருகி வழியும், கடலைமிட்டாய் நிற்கும். நெய்யையும் எண்ணெயையும் திருகுமூடி பாட்டிலில் ஊற்றி, அதையும் ஒரு பையில் கட்டுங்கள். 24 டிகிரியைத் தாண்டினால் தேங்காயெண்ணெய் இளகிவிடும். பச்சைப் பயறும் பருப்பும் வேண்டாம். வேகும் நேரத்துக்கு எரிவாயு போதாது.

வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே நடந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகம் என்று தவறாக நினைத்து இன்னும் குடித்தால் ஆபத்து முற்றும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வைத்திருங்கள், உப்புள்ள தீனியைத் தண்ணீரோடு சேர்த்தே உண்ணுங்கள்.

அடுப்பு வேண்டுமென்றால் மூடித் திறக்கும் குமிழ் உள்ள எரிவாயு அடுப்பு. தீத்தடை அறிவிக்கப்படும் காலத்தில் ஆல்கஹால் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. இந்தக் காடுகள் எரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். எரிவாயு அடுப்புக்கும் கலிபோர்னியாவின் இலவச நெருப்பு அனுமதிச்சீட்டு தேவை, இணையத்தில் பெறலாம். இரவுச் சாப்பாட்டை நீர்நிலையிலேயே மாலை ஐந்து மணிக்குச் சமைத்து உண்டு, பாத்திரம் துடைத்து, நிரப்பிக்கொண்டு, வெயில் தணிந்தபின் இரண்டு மணி நேரம் நடந்து தூங்குங்கள். சமையலுக்கான தண்ணீரை முதுகில் சுமக்க வேண்டியதில்லை.

மொத்தப் பயணத்துக்குமான உணவையும் முன்கூட்டியே பெட்டிகளில் கட்டி அஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் நாக்கு மாறிவிடும். வார்னர் ஸ்பிரிங்ஸ் போன்ற சின்ன இடங்களுக்கு மட்டும் ஒரு பெட்டி போதும்; ஐடில்வைல்ட், பிக் பேர், டெஹாச்சப்பி ஊர்களில் கடை உண்டு. அவலும் புளிக்காய்ச்சலும் அங்கே கிடைக்காது என்பதால் அவற்றை மட்டும் வீட்டில் யாரிடமாவது கொடுத்து, நீங்கள் கேட்கும்போது அனுப்பச் சொல்லுங்கள். விமானத்தில் வருபவர்கள் எரிவாயுக் குப்பியை எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. சான் டியேகோவில் இறங்கியபின் வாங்கிக்கொள்ளுங்கள்.