பன்னிரண்டு வருஷ மௌனத்தை 24 பக்க மங்காவாக வரைவது எப்படி?

"பக்கத்து வீட்டுப் பையன்தானே, தினமும் பார்க்கிறாள், சொல்லித் தொலைத்தால் என்ன?" ஒருதலைக் காதல் மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) வாசகர் இப்படிக் கேட்டுவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். புதியவர்கள் பலர் சறுக்குவதும் இங்கேதான். சிறுவயதுத் தோழமையை ஜப்பானில் ஒசனநஜிமி என்பார்கள், ஒருதலைக் காதலைக் கத்தாஒமொய் என்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே இதழில் முடியும் தனிக்கதை ஒன்றைப் படிப்படியாகக் கட்டுவோம். நாயகி மியோ, நாயகன் ஹருத்தோ குரொசாவா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சொல்லாததற்குக் காரணங்களை எழுதுங்கள்

படம் வரையும் முன் ஒரு தாளில் 6 முதல் 18 வயது வரை கோடு போடுங்கள். ஜப்பானில் ஆரம்பப் பள்ளி 6 வருஷம், நடுநிலை 3, உயர்நிலை 3. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு காரணம் வேண்டும்:

- 10 வயது: அது காதல் என்றே அவளுக்குத் தெரியாது.
- 13 வயது: வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள், அவனே சங்கடப்படுகிறான்.
- 16 வயது: வேறொருத்தியிடம் எப்படிப் பேசுவது என்று இவளிடமே யோசனை கேட்கிறான்.
- 18 வயது: ஊரை விட்டுக் கிளம்புகிறான். இப்போது சொன்னால் அவனுக்குச் சுமை.

"வெட்கம்" என்ற ஒற்றைக் காரணத்தை 12 வருஷம் இழுக்காதீர்கள், நான்காம் பக்கத்திலேயே சலித்துவிடும். சொல்லி மறுத்துவிட்டால் எதை இழப்பாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவனை மட்டும் இல்லை, இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும் ராத்திரிகளும் போய்விடும்.

படி 2: அழைக்கும் பெயரை மாற்றுங்கள்

வசனமே இல்லாமல் தூரத்தைக் காட்ட ஜப்பானிய மொழியே கைகொடுக்கிறது. சின்ன வயதில் செல்லமாக "ஹருச்சான்". நடுநிலைப் பள்ளியில் குடும்பப் பெயரோடு, சற்று விலகலாக, "குரொசாவா-குன்". இந்த மாற்றத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கலாம். முதல் கட்டத்தில் (பேனலில்) பள்ளி நடைபாதை, அவன் முதுகு. இரண்டாவதில் மியோவின் வாய் மட்டும், "ஹரு" வரை திறந்திருக்கிறது. மூன்றாவதில் அவனைச் சுற்றி நிற்கும் பையன்களின் கால்கள். நான்காவதில் "குரொசாவா-குன்" என்ற சின்னப் பேச்சுக்குமிழி. ஐந்தாவதில் அவன் திரும்புகிறான், முகத்தில் ஒரு கணம் புரியாத பார்வை. இதற்கு விளக்க வரி எழுதினால் கெட்டுப்போகும்.

படி 3: ஒரே ஒரு பொருள்

பட்டமளிப்பு நாளில் பையனின் சீருடையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்குவது அங்கே பழைய வழக்கம். இதயத்துக்கு அருகில் இருப்பது என்று காரணம் சொல்வார்கள். தேய்ந்துபோன உத்திதான், ஆனாலும் திருப்பிப் போட்டால் இன்னும் வேலை செய்யும். இப்போது பல பள்ளிகளில் பிளேசர் வந்துவிட்டதால், கக்குரான் எனும் நிமிர்ந்த காலர் சீருடை உள்ள பள்ளியாக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தப் பொத்தான்களைப் பெரும்பாலும் தைப்பதில்லை, துளை வழியே விட்டு உள்பக்கம் கிளிப் மாட்டுவார்கள். ஆகவே 16 வயதில் கிளிப் தொலைந்த ஒரு நாள், மியோ அந்த இரண்டாவது பொத்தானை நீல நூலால் கட்டிவிடட்டும். மார்ச்சில் வேறொரு பெண்ணின் உள்ளங்கையில் அந்தப் பொத்தான் இருக்கிறது, நீல நூல் துணுக்கோடு. கறுப்பு வெள்ளையில் நீலம் தெரியாது என்பதால், கட்டும் காட்சியிலேயே "கறுப்பு நூல் இல்லை, நீலம்தான் இருக்கு" என்று ஒரு வரி பேசவிடுங்கள். நூலின் முடிச்சையும் தனி வடிவில் வரையுங்கள்.

படி 4: நேமு

நேமு என்பது கட்டங்களும் வசனமும் மட்டும் உள்ள கரட்டு வரைவு. மங்கா வலமிருந்து இடம் போகும். முதல் பக்கம் இடப்பக்கத்தில் தனியாக விழும்படி வைத்தால் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் இடப்பக்கம் வரும், தாளைப் புரட்டியதும் இரட்டைப்படைப் பக்கம் கண்ணில் படும். அதனால் உள்ளங்கைக் காட்சி 20ஆம் பக்கத்தில் வர வேண்டும். 19இன் கடைசிக் கட்டத்தில், இடது கீழ் மூலையில், மியோ எதையோ பார்த்து நிற்பது போதும். 21இல் வைத்துவிட்டால் 20ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும்.

1–5 நிகழ்காலம், 6–10 பழைய நாட்கள், 11–19 கடைசிக் குளிர்காலம், மிச்சம் முடிவு. சாதாரணப் பக்கத்துக்கு 5 அல்லது 6 கட்டம், 20க்கு ஒன்றே.

படி 5: மையும் எழுத்தும்

பி4 அளவு மூலத்தாளில் உள்சட்டம் 180 × 270 மி.மீ. முக்கியமான எழுத்து எதுவும் அதைத் தாண்ட வேண்டாம். பழைய நினைவுப் பக்கங்களில் கட்டங்களுக்கு இடையிலான வெளியைக் கறுப்பாக நிரப்பினால், "ஆறு வருஷம் முன்பு" என்று எழுதத் தேவையே இல்லை. மனக்குரலைக் குமிழிக்கு வெளியே, வெற்றிடத்தில் போடுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே போவதால் அவர்கள் குமிழி ஒல்லியாக, உயரமாக இருக்கும். நம் சொற்கள் நீளம். அதே குமிழியைப் பார்த்து வரைந்தால் "சொல்லியிருக்கலாம்" என்பது மூன்று துண்டாக உடையும். நேமு போடும்போதே வசனத்தை எழுதி, அதைச் சுற்றிக் குமிழியை வரையுங்கள்.