வன்னி வீதியில் இரவு பொலிஸார் மறித்தால்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று இடையிடையே ஊர் வெளிச்சம் வந்துபோகும். மிச்சமெல்லாம் காடும் இருட்டும். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் வெளிச்சம் இன்னும் குறைவு. அங்கே இரவு 11 மணிக்குப் பிறகு முன்னால் ஒரு ரோர்ச் லைற் ஆடினால், மறிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. வருவது யார் என்று மறிக்கிறவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அவரை ஊகிக்க விடக்கூடாது. எங்கே நிறுத்தப் போகிறீர்கள், கை எங்கே இருக்கிறது, எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

2016 ஒக்டோபர் 20 இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், பொலிஸார் சுட்ட சம்பவத்தில் உயிரிழந்தார்கள். பின்னர் பொலிஸ் உத்தியோகத்தர்கள் ஐவர் கைது செய்யப்பட்டார்கள். கைதுகள் நடந்தாலும் போன உயிர் வராது. லைசன்ஸ் கையில் இல்லை, ஹெல்மெட் போடவில்லை, கொஞ்சம் குடித்திருக்கிறேன் என்று என்ன காரணம் இருந்தாலும், மறித்த இடத்தில் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள். அந்தக் குற்றங்களுக்கெல்லாம் தண்டமும் நீதிமன்றமும்தான். ஓடினால் எதுவும் நடக்கலாம்.

புறப்படும் முன்

வைத்திருக்க வேண்டியவை சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, காப்புறுதிச் சான்றிதழ், அந்த ஆண்டுக்கான வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ். சி.ஆர். புத்தகத்தின் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) மூலப்பிரதியை வாகனத்தில் வைத்திருக்க வேண்டாம், பிரதி போதும். லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் மூலம் கம்பனியிடம்தான் இருக்கும், அவர்களிடம் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று வாங்கி வையுங்கள்.

வன்னியில் அடிக்கடி சிக்கல் வருவது வாகனம் வேறொருவரின் பெயரில் இருக்கும்போதுதான். அண்ணா வெளிநாட்டில், வாகனம் அவர் பெயரில்; அல்லது வாங்கி இரண்டு வருடமாகியும் பெயர் மாற்றாமல் ஓபின் பேப்பரில் ஓடுகிறது. பகலில் ஒரு கேள்வியோடு முடிகிற விடயம், இரவில் களவு வாகனமா என்ற விசாரணையாகலாம். உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, உடனே பேசக்கூடிய தொலைபேசி எண் மூன்றும் வாகனத்திலேயே இருக்கட்டும். வாங்கிய வாகனமானால் பெயரை மாற்றுவதுதான் சரியான தீர்வு.

எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, சன்வைசரின் பின்னால் அல்லது கண்ணுக்குத் தெரியும் ஒரு தட்டில் வையுங்கள். சீற்றுக்குக் கீழே வைத்தால், ஒருவர் ரோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் குனிந்து தேட வேண்டிவரும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சேர்ட்டின் முன்பைக்குள் வைத்தால், பின்பக்கம் கைவிட்டுத் தடவ வேண்டியதில்லை.

பிறகு லைற். இரவில் மறிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் வாகனமே காரணம் கொடுத்துவிடுகிறது: ஒரு ஹெட்லைற் எரியாது, பின் லைற் இல்லை, இலக்கத்தகடு இருட்டாயிருக்கிறது, முன்னால் கூடுதல் எல்.ஈ.டி. பூட்டியிருக்கிறார்கள். உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் பின் லைற் இல்லாமல் இரவில் வீதிக்கு வரவே கூடாது. பொலிஸுக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு உழவு இயந்திரப் பெட்டி தெரியாமல் மோதித்தான் பலர் செத்திருக்கிறார்கள். பெட்டியின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் சிவப்பு ஒளித்தெறிப்புப் பட்டி ஒட்டப் பெரிய செலவு வராது.

வேகம் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊருக்குள் மணிக்கு 50 கி.மீ., வெளியே 70. முச்சக்கரவண்டிக்கு 40. ஏ9 நேராக இருப்பதால் 70 மெதுவாகத் தெரியும். வீதியில் மாடு படுத்திருக்கும் என்பதை நினைத்தால் அப்படித் தெரியாது.

ரோர்ச் ஆடியதும்

முதலில் காலை அக்சிலேற்றரிலிருந்து எடுங்கள். ஹெட்லைற்றை டிம்முக்குக் கொண்டுவாருங்கள். பிறைற்றில் போனால் அவர் கண் கூசி, உங்கள் முகமும் வாகன இலக்கமும் அவருக்குத் தெரியாமல் போகும். இடப்பக்கச் சிக்னலைப் போடுங்கள். கண்டுவிட்டீர்கள், நிற்கப் போகிறீர்கள் என்பதை அந்தச் சிக்னல்தான் அவருக்குச் சொல்கிறது. சடுதியாகப் பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவர் மோதலாம். மெதுவாக அவரைத் தாண்டி 20 மீற்றர் போய் நின்றாலும் பரவாயில்லை, ஆனால் சிக்னல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

வீதியின் ஓரத்துக்கு முழுமையாக இறங்குங்கள். குளக்கட்டிலோ மதகிலோ நிற்க வேண்டாம். மழைக்காலத்தில் கரை இளகியிருக்கும், சில்லுப் புதையும்.

நின்றதும் எஞ்சினை நிறுத்திப் பார்க் லைற்றை எரிய விடுங்கள். உள் லைற்றைப் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். இரண்டு கையும் ஸ்ரேறிங்கின் மேல் இருக்கட்டும். பின்னால் இருப்பவர்கள் கையை மடியில் வைத்திருக்கட்டும், போனை ஆட்ட வேண்டாம். சொல்லாமல் இறங்காதீர்கள். நம் நாட்டில் சாரதியின் கதவு வீதிப்பக்கம் திறக்கும். கொழும்புப் பஸ்கள் முந்திக்கொண்டு வருகிற நேரத்தில் அந்தக் கதவைத் திறப்பதே ஆபத்து. இறங்கச் சொன்னால் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு இறங்கி, வாகனத்தின் முன்பக்கம் லைற் வெளிச்சத்தில் நில்லுங்கள். மோட்டார் சைக்கிளானால் எஞ்சினை நிறுத்தி, ஸ்ராண்டில் விட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி முகம் தெரிய நில்லுங்கள்.

பத்திரம் கேட்டால், “சேர், லைசன்ஸ் இந்தத் தட்டில் இருக்கு, எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு எடுங்கள். இந்தச் சின்னப் பழக்கம் இருட்டில் நிறையத் தவறுகளைத் தடுக்கும்.

நோயாளி இருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சில வேளை அவர்களே வழிவிட உதவுவார்கள். வாகனத்தில் கொண்டுபோக முடியாத நிலை என்றால் 1990 அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

யார் மறிக்கிறார்கள்

சீருடையில் இருக்கும் பொலிஸார் மறித்தால் நிற்க வேண்டும், அதில் பேச்சில்லை. சோதனைச் சாவடியில் இராணுவமும் விசேட அதிரடிப்படையும் நிற்கலாம், அங்கேயும் நில்லுங்கள். சிவில் உடுப்பில் ஒருவர், பொலிஸ் வாகனமும் இல்லை, இடமும் காட்டுக்குள் என்றால் கவனம் வேண்டும். சிக்னலைப் போட்டு, மெதுவாக, வெளிச்சமுள்ள இடம் வரை போய் நிற்பது நியாயமான காரியம். முறிகண்டிக் கோயிலடி, மாங்குளம் சந்தி, பரந்தன் சந்தி மாதிரி ஆள் நடமாடும் இடம் நல்லது. கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே 119 அழையுங்கள். அழைக்கும்போது “ஏ9 இல் நிற்கிறேன்” என்றால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பொலிஸ் பிரிவு, எந்த ஊரைத் தாண்டி, எந்தக் கிலோமீற்றர் கல் என்று சொல்ல வேண்டும். ஏ9 கண்டியிலிருந்து தொடங்குகிறது, கிளிநொச்சியில் ஒரு இடத்துக்கு 155ஆம் கட்டை என்று பெயர் வந்ததும் அந்தப் பழைய மைல் கணக்கில்தான். போகும் வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களின் நேரடி எண்களையும் போனில் சேமித்து வையுங்கள்.

கேள்வியும் மொழியும்

எங்கிருந்து, எங்கே, ஏன் இந்த நேரம். மூன்றுக்கும் ஒவ்வொரு வசனத்தில் பதில் சொல்லுங்கள். கதையை நீட்டினால் முன்னுக்குப் பின் முரணாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது குற்றமில்லை.

வடக்கில் நிர்வாக மொழி தமிழ். 1988 இல் வந்த 16ஆவது திருத்தம் அதை அரசியலமைப்பிலேயே உறுதிப்படுத்தியது. இருந்தும் வீதியில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சில சொற்கள் தெரிந்திருந்தால் பதற்றம் குறையும்: “லைசன் எக்க தென்ன” என்றால் லைசன்ஸைக் கொடு, “கொஹேத யன்னே” என்றால் எங்கே போகிறாய், “பஹின்ன” என்றால் இறங்கு. விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். “மட்ட சிங்கள தேரென்னே நே” என்று சொல்லி, தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வைக்க வேண்டாம். வாசித்துத் தமிழில் சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும்.

ஊதச் சொன்னால்

சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். எத்தனை கிளாஸ் குடித்தால் அதைத் தாண்டும் என்று கணக்குப் போட வேண்டாம். உடம்பு எடை, சாப்பாடு, நேரம் எல்லாம் அதை மாற்றும். கள்ளு சாப்பாடு மாதிரித்தான் என்று சொல்கிறவர்கள் வன்னியில் நிறையப் பேர். ஊது கருவிக்கு அது மதுசாரம்தான். அரிஷ்டமும் வாய் கொப்பளிக்கும் சில மருந்துகளும் வாயில் மதுசாரத்தை விட்டுவிடும். அப்படி ஏதாவது குடித்திருந்தால் முதலிலேயே சொல்லி, 15 நிமிடம் கழித்து ஊதக் கேளுங்கள், வாயிலுள்ளது அதற்குள் போய்விடும். குழாயைப் புதிதாக உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். ஊத மறுப்பதால் தப்ப முடியாது, வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். இந்தக் குற்றத்துக்குத் தண்டச்சீட்டுக் கிடையாது, நீதவான் நீதிமன்றம் போக வேண்டும். லைசன்ஸும் இடைநிறுத்தப்படலாம். லைசன்ஸ் உள்ள, குடிக்காத ஒருவர் கூட வந்தால் வாகனத்தை அவரிடம் ஒப்படைக்கக் கேட்டுப் பாருங்கள்.

தண்டச்சீட்டு

சிறிய குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே சீட்டு எழுதி, லைசன்ஸை வாங்கி வைப்பார்கள். அந்தச் சீட்டுத்தான் 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். வாங்கியவுடன் ரோர்ச் வெளிச்சத்தில் வாகன இலக்கம், குற்றம், இடம், நேரம், உத்தியோகத்தரின் இலக்கம் ஐந்தையும் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பிறகு அலைய வேண்டிவரும். தபாற்கந்தோரில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டு அதே நிலையத்துக்குப் போனால் லைசன்ஸ் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவருக்கு மாங்குளத்தில் எழுதினால் திரும்பவும் மாங்குளத்துக்கு வர வேண்டியிருப்பதால்தான் பலர் நாளைத் தவறவிடுகிறார்கள். திரும்பி வரும் பயணத்திலேயே முடித்துவிடுங்கள். தொலைபேசியில் கட்டும் கவ்பே முறையும் 2025 முதல் படிப்படியாக வருகிறது. மறித்த இடத்தில் அது உண்டா என்று கேளுங்கள்.

சீட்டு இல்லாமல் கையில் பணம் கொடுக்கவே கூடாது. இலஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கேட்டால், “சீட்டு எழுதுங்கோ சேர், நான் கட்டுறன்” என்று சாந்தமாகச் சொல்லுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் எண் 1954.

வாகனத்தைச் சோதித்தால்

நீங்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று, டிக்கியை நீங்களே திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பையையும் நீங்களே தூக்கிக் காட்டுங்கள். ஒரே நேரத்தில் இருவர் இரண்டு பக்கமும் தேடினால், ஒரு பக்கம் முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கும்படி கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. பெண்களின் உடலை இன்னொரு பெண்தான், கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவையே சொல்கிறது. மணல், மரம், மாடு ஏற்றுகிறவர்கள் அனுமதிப்பத்திரத்தில் போட்டிருக்கும் திகதி, நேரம், வழி மூன்றையும் புறப்படும் முன் வாசியுங்கள். பத்திரம் இருந்தும் நேரம் தாண்டியதால் ரிப்பர் லொறியோடு பிடிபட்டவர்கள் உண்டு.

படம் பிடிக்க வேண்டுமானால் கண்ணாடியில் பூட்டிய கமெரா நல்லது. முகத்துக்கு நேரே போனை நீட்டினால் அரைமணி நேரத்துக்கு அதுதான் வழக்காகும். முகாம் வாசலில் போனை எடுக்கவே வேண்டாம்.

நிலையத்துக்கு வரச் சொன்னால்

கைது செய்கிறீர்களா, என்ன காரணம், எந்த நிலையம் என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்வது அவர்களின் கடமை. நகரும் முன் வீட்டுக்கு அழைத்து, நிலையத்தின் பெயரையும் உத்தியோகத்தரின் இலக்கத்தையும் சொல்லிவிடுங்கள். சாதாரணச் சட்டத்தில் கைதானவரைப் பயண நேரம் தவிர 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் இந்தக் கணக்கு மாறும். அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் சட்டத்தரணியையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணையும் அழையுங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து உங்களுக்காகப் பேச 2012 இல் விதிகளே வந்திருக்கின்றன.

அடித்தால், காயம் ஆறுவதற்குள் அரச வைத்தியசாலையில் காட்டி, எப்படி வந்தது என்று வைத்தியரிடம் சொல்லிப் பதியுங்கள். முறைப்பாட்டை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அல்லது யாழ்ப்பாண அலுவலகத்தில் கொடுக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பதிந்த திகதியும் இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.