நிலவறை விளையாட்டு வடிவமைப்பு: முதலில் சுவரை முடிவு செய்யுங்கள்

பழைய பாணியில், கட்டம் கட்டமாக நகரும் நிலவறை விளையாட்டு ஒன்றைப் பொழுதுபோக்காக உருவாக்க நினைப்பவர்கள், நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, சுவர் என்பது ஒரு முழுக் கட்டமா அல்லது இரு கட்டங்களுக்கு இடையிலான கோடா என்பதை முடிவு செய்துவிட வேண்டும். 1987இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வெளிவந்த ‘டஞ்சன் மாஸ்டர்’ முதல் வகை. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த, தளத்துக்கு 20-க்கு 20 கட்டங்கள் கொண்ட ‘விசார்ட்ரி’ இரண்டாம் வகை.

முதல் வகையில் சுவருக்கு 1, தரைக்கு 0 என்று குறித்தால் போதும் என்பதால், புதியவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் சிறிய வரைபடத்தில் நெருக்கமான அறைகளை அமைக்க விரும்பினால் இரண்டாம் வகைதான் அழகு. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு சுவர்களையும் சேமிக்காமல், வடக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் மட்டும் சேமியுங்கள். தெற்குச் சுவர் என்பது கீழ்க் கட்டத்தின் வடக்குச் சுவரேயாதலால், ஒரு பக்கம் கதவாகவும் மறுபக்கம் வெறும் சுவராகவும் தெரியும் பிழை எழவே எழாது. தெற்கு, கிழக்கு ஓரங்களின் சுவர்களுக்காக மட்டும் 20 கட்டத் தளத்துக்கு 21 வரிசைகளும் 21 நெடுவரிசைகளும் ஒதுக்க வேண்டும்.

விளையாடுபவர் பார்க்கும் திசைகளை வடக்கு 0, கிழக்கு 1, தெற்கு 2, மேற்கு 3 என எண்ணிட்டு, வலப்புறம் திரும்ப 1, இடப்புறம் திரும்ப 3 கூட்டி, 4ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தளத்தை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து, விரலால் நடந்து பார்த்த பிறகே கணினியில் ஏற்றுங்கள்.