ஜெர்மனியில் குழந்தை பிறக்கப்போகிறதா? ரூபாயில் கணக்குப் போடாதீர்கள்

போன வாரம் நங்கநல்லூரில் எதிர்வீட்டு அக்கா கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தார். மகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் அடுத்த மாதம் பிரசவம். ஒரு பெட்டி முழுக்க பிறந்த குழந்தைக்கான டயப்பர். "அங்கே விலையைக் கேட்டா மயக்கமே வருதும்மா, அதான் இங்கேயே வாங்கிட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018இல் என் அம்மா மியூனிக்குக்குக் கட்டி வந்ததும் இதே பெட்டிதான்.

தொட்டில் துணி, பால் புட்டி என்று சின்னச் சின்ன விஷயங்களை நீங்களே சமாளித்துவிடுவீர்கள். அவற்றை விடுகிறேன்.

யூரோவை ரூபாயாக்கிப் பார்ப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். அப்போது ஒரு யூரோ ஏறத்தாழ 80 ரூபாய். கடையில் எதைக் கையில் எடுத்தாலும் மனசு 80ஆல் பெருக்கும். பெருக்கியதும் அந்தப் பொருள் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். சம்பளம் யூரோவில் வருகிறது, வாடகை யூரோவில் போகிறது, குழந்தை சாமானுக்கு மட்டும் தி. நகர் விலை வேண்டும் என்று நினைத்தேன்.

அதனால்தான் அம்மா 60 வீதம் 10 பாக்கெட் டயப்பர் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஆகும் என்பதால் 600 இரண்டு மாதத்துக்குக் காணும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் குழந்தை வளரும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறந்த குழந்தை முதல் சில நாள் கொஞ்சம் எடை குறையும், அப்புறம் ஒரு நாளைக்கு 20, 30 கிராம் ஏறும். என் மகன் பிறக்கும்போதே 3.6 கிலோ. ஐந்தாவது வாரத்தில் தொடைப் பக்கம் ரப்பர் அழுத்திச் சிவந்த கோடு விழுந்தது, இரவில் முதுகு வரை கசிந்தது. நான்கு பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. இவ்வளவுக்கும் எங்கள் தெருமுனையில் இருந்த டேஎம் (dm) என்ற கடையில் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு டயப்பர், பெரிய பிராண்டுகளைவிட விலை குறைவாக, எல்லா அளவிலும் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு அளவிலும் ஒரு பாக்கெட் வாங்கி, குழந்தைக்குச் சரியாக இருந்தால் மட்டும் அடுத்ததை வாங்கினால் போதும்.

அதோடு நிற்கவில்லை. டயப்பர் செலவைக் குறைக்கிறேன் என்று துணி லங்கோடுக்கு மாறினேன். நம் ஊர் மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும் துணி, அங்கே நவம்பரில் வீட்டுக்குள் இரண்டு நாளானாலும் காயாது. சுவர் மூலையில் பூஞ்சை வந்தது. உலர்த்தும் இயந்திரம் வாங்கி தினமும் ஓட்டினோம். அங்கே மின்சாரத்துக்கு மாதாமாதம் ஒரு மதிப்பீட்டுத் தொகைதான் கட்டுவோம், உண்மையான கணக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். அந்தக் கடிதம் வந்த அன்று மிச்சம் பிடித்ததெல்லாம் போனது, மேலே கையிலிருந்தும் கட்டினோம். துணி வேண்டாம் என்று சொல்லவில்லை. துவைக்கவும் காயவைக்கவும் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்து, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தரும் மருத்துவச்சி அங்கே உண்டு. ஹெபாமெ என்பார்கள். இது பெரிய செலவு வைக்கும் என்று நானாகவே ரூபாயில் பயந்து, விசாரிக்கக்கூட இல்லை. அரசுச் சட்டப்படியான மருத்துவக் காப்பீடு அந்தச் செலவை ஏற்கும். பால் உறிஞ்சும் கருவியைக்கூட மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் வாடகைக்குத் தருவார்கள், அதற்கும் காப்பீடு உண்டு. எனக்கு மார்பில் பால் கட்டி காய்ச்சல் வந்த பத்து நாளும் நான் தனியாக அழுதது எதற்காக என்று இப்போதும் நினைப்பேன். கருவுற்றது உறுதியானதுமே மருத்துவச்சியைத் தேடத் தொடங்குங்கள், தாமதித்தால் கிடைப்பது கஷ்டம்.

வரவை எழுதாமல் செலவை மட்டும் எழுதுவது

குழந்தைக்கான மாதத் தொகை, கிண்டர்கெல்ட், 2025இல் 255 யூரோ. நீலக் கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், வேலை பார்ப்பவர்களுக்கும் உண்டு. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதம் வரைதான் பின்தேதியிட்டுத் தருவார்கள். பெற்றோர் விடுப்புக்கான உதவித்தொகை, எல்டர்ன்கெல்டுக்கு மூன்றே மாதம். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே இரண்டு விண்ணப்பங்களையும் அனுப்பிவிடுங்கள்.

நெய்

கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருள் எடுத்து வரக்கூடாது. அம்மா காய்ச்சிய நெய்யும், நெய் விட்டுக் கிளறிய பிரசவ லேகியமும் விமான நிலையத்தோடு போயின.

பழைய சாமான்

தாராளமாக வாங்கலாம், கார் இருக்கையைத் தவிர. அது விபத்தில் சிக்கியதா இல்லையா என்பது வெளியே தெரியாது.

அன்று சாயங்காலம் அக்காவும் நானும் பெட்டியைத் திரும்பக் கட்டினோம். டயப்பர் ஒரே ஒரு பாக்கெட். மீதியைக் கடைக்காரர் மாற்றிக்கொள்கிறேன் என்றார். அந்த இடத்தில் மாமாவின் பழைய மல் வேட்டிகள் ஆறு, நான்காகக் கிழித்து, துவைத்து மடித்தது. சுக்கு, பூண்டுப் பொடி, கருவேப்பிலைப் பொடி. மகளுக்கு நான்கு காட்டன் நைட்டி, முன்பக்கம் ஜிப் வைத்தது. அப்புறம் மகளுக்கு போன் போட்டு, மருத்துவச்சிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அக்காவைக் கேட்க வைத்தேன். "அது ரொம்ப செலவும்மா" என்றாள் அந்தப் பெண். போனை நான் வாங்கிக்கொண்டேன்.